சாய்சதுரக் கணக்கை மூலைவிட்டத்திலிருந்து தொடங்குவோம்

ஆயத்தொலை வடிவியலில் சாய்சதுரம் என்ற சொல்லைக் கண்டதும் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது ஒன்றுதான். தொலைவுச் சூத்திரத்தை எழுதுவார்கள். நான்கு பக்கங்களின் நீளத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடிப்பார்கள். நான்கும் சமம், ஆகவே சாய்சதுரம் என்று முடித்துவிடுவார்கள். விடை சரிதான், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பக்கம் முழுவதும் வர்க்கமும் வர்க்கமூலமுமாக நிறைந்திருக்குமே ஒழிய, சாய்சதுரம் என்ற உருவம் அதில் எங்கேயும் கண்ணில் படாது. சேலம் அம்மாப்பேட்டையில் மாலை நேரங்களில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிற நான், இந்தப் பாடம் வரும்போதெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறேன்: பக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மூலைவிட்டங்களைப் பிடியுங்கள். அதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பதை இங்கே விரிவாகவே எழுதிவிட விரும்புகிறேன்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஏ(4, 4), பி(−1, 4), சி(2, 0), டி(7, 0) என்ற புள்ளிகளை வரிசையாக இணைத்தால் சாய்சதுரம் கிடைக்கும் எனக் காட்ட வேண்டும். வழக்கமான முறையில் போனால் ஏபி 5, பிசி √(9 + 16) = 5, சிடி 5, டிஏ 5 என்று வந்துவிடும். எண்கள் எளியவை என்பதால் இதில் சிரமம் தெரியாது. முனைகளில் பின்னமும் குறை எண்ணும் கலந்து வந்துவிட்டால், எட்டு முறை கழித்து, எட்டு முறை வர்க்கப்படுத்தி, நான்கு முறை கூட்ட வேண்டியிருக்கும். தேர்வறையில் கை தவறுவதற்கு அத்தனை இடங்கள்.

இதே கணக்கை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். எதிரெதிர் முனைகளான ஏ, சி இரண்டின் முதல் எண்களைக் கூட்டினால் 4 + 2 = 6. பி, டி இரண்டின் முதல் எண்களைக் கூட்டினால் −1 + 7 = 6. இரண்டாம் எண்களைக் கூட்டினால் ஒரு பக்கம் 4 + 0 = 4, மறு பக்கமும் 4 + 0 = 4. கூடுதல்கள் ஒத்துப்போகின்றன என்றால் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் நடுப்புள்ளி ஒன்றே. அது (3, 2). மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடுகிற நாற்கரம் இணைகரம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே மனக்கணக்காகச் செய்த நான்கு கூட்டல்களில் பாதி வேலை முடிந்துவிட்டது. இனி அது சாய்சதுரமா என்பது மட்டுமே மிச்சம். சி முனையிலிருந்து ஏ முனைக்குப் போக வலப்பக்கம் 2, மேலே 4 நகர வேண்டும். இதை (2, 4) என்று குறித்துக்கொள்வோம். பி முனையிலிருந்து டி முனைக்குப் போக வலப்பக்கம் 8, கீழே 4. அது (8, −4). முதல் எண்களின் பெருக்கலையும் இரண்டாம் எண்களின் பெருக்கலையும் கூட்டினால் 16 − 16 = 0. இப்படிப் பூச்சியம் வந்தால் இரு கோடுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து. மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டுகிற இணைகரம் சாய்சதுரம்தான். வேலை முடிந்தது. வர்க்கமூலம் ஒன்றுகூட வரவில்லை.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் சாய்வு, அதாவது வலப்பக்கம் ஓர் அலகு நகரும்போது கோடு எவ்வளவு ஏறுகிறது என்ற கருத்து, பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் தொலைவு, நடுப்புள்ளி, பிரிவுச் சூத்திரம் போன்றவைதான். அதனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நான்கு தொலைவுகளைக் கணக்கிடுவதற்கு ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அவர்களுக்கும் நான்கு தேவையில்லை. கூடுதல்களை ஒப்பிட்டு இணைகரம் என்று நிறுவிய பிறகு, அடுத்தடுத்த இரு பக்கங்கள் சமம் என்று காட்டினாலே போதும். இணைகரத்தில் எதிர்ப்பக்கங்கள் தாமாகவே சமமாக இருப்பதால் மற்ற இரண்டும் பின்னாலேயே வந்துவிடும். காரணத்தை ஒரு வரியில் தெளிவாக எழுதினால் விடைத்தாள் திருத்துபவருக்கும் பின்தொடர எளிதாக இருக்கும். எழுதாமல் விட்டால் பாதிக் கணக்கு காணாமல் போனதுபோலத் தெரியும். ஆகவே அந்த ஒரு வரியை விடவே கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

இந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், சாய்சதுரத்தை அதன் நடுவில் நின்றுகொண்டு பார்ப்பதில் இருக்கிறது. மேலே பார்த்த உருவத்தின் நடுப்புள்ளி (3, 2). அங்கிருந்து ஏ முனைக்குப் போகும் நகர்வு (1, 2). இந்த நகர்வைச் செங்கோணம் அளவுக்குத் திருப்பினால் (−2, 1) கிடைக்கும். எண்களை இடம் மாற்றி, முன்னால் வருகிற எண்ணின் குறியை மட்டும் மாற்றினால் போதும். அதை இரண்டு மடங்காக்கினால் (−4, 2). நடுப்புள்ளியிலிருந்து அவ்வளவு நகர்ந்தால் பி முனை, அதாவது (−1, 4). எதிர்த்திசைகளில் நகர்ந்தால் சி முனையும் டி முனையும். ஒரு நடுப்புள்ளி, ஓர் அரை மூலைவிட்டம், ஒரு மடங்கு: இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் சாய்சதுரம் முழுமையாக நின்றுவிடுகிறது. நடுப்புள்ளி உருவம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது; அரை மூலைவிட்டம் எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்கிறது; மடங்கு அது எவ்வளவு ஒடுங்கியது என்பதைச் சொல்கிறது. மடங்கு 1 ஆனால் சதுரம். யூக்ளிட் சதுரத்தைச் சாய்சதுரத்தில் சேர்க்காமல், பக்கங்கள் சமமாகவும் கோணங்கள் செங்கோணமாக இல்லாமலும் இருப்பதே சாய்சதுரம் என்று வரையறுத்தார். நம்முடைய பாடநூல்கள் சதுரத்தையும் சாய்சதுரத்தின் ஒரு சிறப்பு வகையாகவே கொள்கின்றன. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மடங்கு 1 ஆகிற ஒரே இடத்தில் மட்டும் பெயரை மாற்றிக்கொள்வதற்குக் கணக்கில் எந்தக் காரணமும் இல்லை.

செங்குத்து என்பதைச் சோதிக்கும்போது சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 என்ற விதியை நம்பிக்கொண்டு போகிற பிள்ளைகள் ஓரிடத்தில் கட்டாயம் தடுக்கி விழுவார்கள். (2, 5), (−1, 1), (2, −3), (5, 1) என்ற புள்ளிகளைக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். “அக்கா, ஒரு மூலைவிட்டத்துக்குச் சாய்வே இல்லைன்னு வருது, இன்னொண்ணுக்குப் பூச்சியம். பெருக்குனா மைனஸ் ஒண்ணு எப்படி வரும்? அப்ப இது சாய்சதுரம் இல்லதானே?” என்று கேட்டாள். “சாய்வை விடு கண்ணு, முதல்ல படத்தைப் போட்டுப் பாரு” என்றேன். ஒரு மூலைவிட்டம் நெட்டுக்குத்தாக நிற்க, மற்றது கிடையாகப் படுத்திருந்தது. அதைவிடச் செங்குத்தான இரு கோடுகள் உலகத்தில் இருக்க முடியாது. நெட்டுக்கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படுவதில்லை என்பதால் அந்த விதி அங்கே செல்லுபடியாகாது, அவ்வளவுதான். பெருக்கிக் கூட்டுகிற முறையோ எந்த இடத்திலும் கைவிடாது: நகர்வுகள் (0, 8), (6, 0); 0 × 6 + 8 × 0 = 0. பத்தாம் வகுப்பில் இதற்குத் தனியாகப் பெயர் சொல்லித் தருவதில்லை; மேல்வகுப்பில் வெக்டர் பாடத்தில் புள்ளிப் பெருக்கல் என்ற பெயரில் இதே பிள்ளைகள் இதை மறுபடியும் சந்திப்பார்கள். முன்கூட்டியே பழகிக்கொள்வதில் நட்டம் ஒன்றுமில்லை.

மூலைவிட்டங்கள் செங்குத்து என்பது மட்டும் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். (0, 2), (−3, 0), (0, −6), (3, 0) ஆகியவற்றை இணைத்தால் மூலைவிட்டங்கள் செங்குத்தாகத்தான் வெட்டுகின்றன. ஆனால் கிடைக்கிற உருவம் பட்டம், சாய்சதுரம் அல்ல. கூடுதல்கள் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்த்திருந்தால் 2 + (−6) = −4 என்றும் 0 + 0 = 0 என்றும் வந்து, அங்கேயே உண்மை தெரிந்துவிடும்.

புள்ளிகளின் வரிசையும் அப்படித்தான். கேள்வியில் “வரிசையாக” என்ற சொல் இல்லாமல் நான்கு புள்ளிகள் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால், எது எதற்கு எதிர்முனை என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு புள்ளிகளை இரண்டிரண்டாகப் பிரிக்க மூன்றே வழிகள் உண்டு. எந்தப் பிரிவில் கூடுதல்கள் ஒத்துப்போகின்றனவோ அந்தப் பிரிவில் உள்ளவையே எதிர்முனைகள். முதல் கணக்கின் புள்ளிகளை ஏ, சி, பி, டி என்று குலைத்துக் கொடுத்துப் பாருங்கள். பக்கங்களைக் கணக்கிடுகிறவருக்கு 2√5, 5, 4√5, 5 என்று வந்து, சாய்சதுரம் இல்லை என்றே எழுதிவிடுவார். கூட்டிப் பார்ப்பவர் ஏமாற மாட்டார்.

இதுவரை சொன்னது சரிபார்க்கும் கணக்குகள். உண்மையான சுவை கண்டுபிடிக்கும் கணக்குகளில்தான் இருக்கிறது. ஒரு சாய்சதுரத்தின் எதிர்முனைகள் ஏ(2, 1), சி(8, 9). பரப்பு 100 சதுர அலகுகள். மற்ற இரு முனைகளைக் காண்க. பி முனையை (எக்ஸ், ஒய்) என்று வைத்துக்கொண்டு சமன்பாடுகளை எழுத ஆரம்பிப்பது நம் பிள்ளைகளின் இயல்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாதையில் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது, அதைப் பார்க்காமல் கடந்துபோவதுதான் குறை. பிஏ, பிசி இரண்டும் சமம் என்பதால்

(எக்ஸ் − 2)² + (ஒய் − 1)² = (எக்ஸ் − 8)² + (ஒய் − 9)²

என்று எழுதுகிறோம். விரித்தால் இரு பக்கமும் உள்ள எக்ஸின் வர்க்கமும் ஒய்யின் வர்க்கமும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 12 எக்ஸ் + 16 ஒய் = 140; நான்கால் வகுத்தால் 3 எக்ஸ் + 4 ஒய் = 35. இருபடிச் சமன்பாட்டில் தொடங்கினோம், வந்து நிற்பது ஒரு நேர்க்கோடு. இந்தக் கோடு எது என்று கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் விழிப்பார்கள். ஏ, சி இரண்டிலிருந்தும் சம தொலைவில் இருக்கும் புள்ளிகள் அனைத்தும் இதன்மேல்தான் இருக்கின்றன. அப்படியானால் பி, டி இரண்டும் இதன்மேல்தான் இருந்தாக வேண்டும். அது மற்ற மூலைவிட்டமேதான். பக்கங்கள் சமம் என்று எழுதிய அந்த நொடியிலேயே இயற்கணிதம் நம்மை மூலைவிட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. முதலிலேயே அங்கே நின்றிருந்தால் விரித்துச் சுருக்கும் அந்த நான்கு வரிகளும் மிச்சம்.

மூலைவிட்டத்திலிருந்து தொடங்குகிறவருக்கு இந்தக் கணக்கு இப்படிப் போகும். நடுப்புள்ளி (5, 5). நடுவிலிருந்து சி முனைக்கு நகர்வு (3, 4), அதன் நீளம் 5. முழு மூலைவிட்டம் 10. பரப்பு என்பது மூலைவிட்டங்களின் பெருக்கற்பலனில் பாதி. ஆகவே மற்ற மூலைவிட்டம் 20, அதில் பாதி 10. (3, 4) என்பதைத் திருப்பினால் (−4, 3), நீளம் 5; அதை இரட்டிப்பாக்கினால் (−8, 6), நீளம் 10. நடுப்புள்ளியோடு கூட்டினால் பி(−3, 11), கழித்தால் டி(13, −1). இரண்டையும் 3 எக்ஸ் + 4 ஒய் = 35 என்ற கோட்டில் பொருத்திப் பார்க்கலாம்: −9 + 44 = 35, 39 − 4 = 35. பக்கத்தின் வர்க்கம் 25 + 100 = 125. பரப்பை 100 என்பதற்குப் பதிலாக 50 என்று கொடுத்திருந்தால் சதுரம் வந்திருக்கும். பரப்பைக் கொடுக்காமல், பி முனை ஒய் அச்சின்மேல் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால், அதே கோட்டில் எக்ஸுக்குப் பூச்சியத்தைப் போட்டு 35/4 என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். கேள்வியின் உடை எத்தனை விதமாக மாறினாலும் உள்ளே இருப்பது நடுப்புள்ளியும் அந்தக் கோடும்தான்.

கேள்வியில் ஆயத்தொலைவுகளே கொடுக்கப்படாத நேரமும் உண்டு. சாய்சதுரத்தின் பக்கங்களுடைய நடுப்புள்ளிகளை இணைத்தால் செவ்வகம் கிடைக்கும் என நிறுவுக என்று கேட்பார்கள். அச்சுகளை எங்கே வைப்பது என்பது அப்போது நம் விருப்பம். 1637இல் வெளியான ரெனே டெகார்ட்டின் வடிவியல் நூலில்கூட அச்சுகள் இன்று நாம் போடுவதுபோல முன்கூட்டியே செங்குத்தாக வரைந்து வைக்கப்பட்டவை அல்ல. கணக்குக்கு ஏற்ற கோட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதே வழக்கம். நாமும் மூலைவிட்டங்களையே அச்சுகளாக வைத்துக்கொண்டால் முனைகள் (க, 0), (0, ச), (−க, 0), (0, −ச) ஆகிவிடும். நடுப்புள்ளிகள் க/2, ச/2 என்ற எண்களின் குறிகளை மட்டும் மாற்றி மாற்றி எழுதியவை. செவ்வகம் என்பது எழுதும்போதே தெரிந்துவிடுகிறது.

பக்கம் மாறாமல் இருக்க மூலைவிட்டங்கள் மட்டும் மாறினால் என்ன நடக்கும் என்பது இந்த அதிகாரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதைக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் கார் வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் இருக்கிறது: சக்கரம் மாற்றும்போது காரைத் தூக்குகிற ஜாக்கி. ஒருமுறை அண்ணன் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போகும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்த மலைப்பாதையில், ஒரு வளைவைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. அண்ணன் மகன் பத்தாம் வகுப்பு, ஜாக்கியைக் காருக்கு அடியில் வைத்துக் கம்பியைச் சுற்றத் தொடங்கியவன், “அத்தை, முதல்ல சுத்துனப்ப சடசடன்னு ஏறுச்சு, இப்ப எவ்வளவு சுத்துனாலும் கொஞ்சம்தான் ஏறுது, ஏன்?” என்றான். ஜாக்கியின் நான்கு கைகளும் சம நீளம். மூட்டுகளில் சிறு இடைவெளிகள் இருப்பதால் மிகத் துல்லியமான சாய்சதுரம் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போட அது போதும். நடுவில் கிடையாக ஓடும் திருகு ஒரு மூலைவிட்டம். காரைத் தாங்கி மேலே ஏறுகிற உயரம் மற்ற மூலைவிட்டம். திருகைச் சுற்றச் சுற்றக் கிடை மூலைவிட்டம் சுருங்கி, நெட்டை மூலைவிட்டம் நீள்கிறது. நீளும் வேகம்தான் சீராக இருப்பதில்லை.

கைகளின் நீளத்தை 25 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மூலைவிட்டங்கள் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் எப்போதும் 625 வர வேண்டும். கிடையில் பாதி 24 என்றால் நெட்டையில் பாதி 7. கிடை 20 ஆகச் சுருங்கினால் நெட்டை 15. கிடை 15 ஆனால் நெட்டை 20. கிடை 7 ஆனால் நெட்டை 24. முதல் கட்டத்தில் கிடை 4 அலகு சுருங்க, நெட்டை 8 அலகு ஏறியிருக்கிறது. நடுக்கட்டத்தில் 5 சுருங்க 5 ஏறுகிறது. கடைசியில் 8 சுருங்க 4 மட்டுமே ஏறுகிறது. அவன் கேட்ட கேள்விக்கு விடை இந்த நான்கு வரிகளில் இருக்கிறது. இதன் மறுபக்கம் பலத்தில் தெரியும்: ஒரே எடையைத் தூக்குவதானால், ஜாக்கி படுத்திருக்கும் நிலையில் திருகுவதற்கு அதிக பலம் வேண்டும்; நிமிர நிமிர அது குறையும். காப்பித் தோட்டத்து வேலியோரம் நின்று, காய்ந்த குச்சியால் மண்ணில் இந்த எண்களை எழுதிக் காட்டினேன். கீழ்முனையை ஆதிப்புள்ளியாக வைத்தால் மேல்முனை (0, 14), (0, 30), (0, 40), (0, 48) என்று ஏறிக்கொண்டே போக, பக்கவாட்டு முனைகள் ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட 25 அலகு ஆரமுள்ள வட்டத்தின்மேல் நகர்வதை அவனே கண்டுபிடித்துச் சொன்னான். பாடநூலில் கேட்டிராத கேள்விக்கு அவன் தானாகவே விடை சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

25 என்ற எண்ணை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியர் தம்முடைய லீலாவதி என்ற கணக்கு நூலில் சமபக்க நாற்கரத்தைப் பற்றிக் கேட்கிற கணக்கில் பக்கம் 25தான். ஒரு மூலைவிட்டத்தை 30 என்று கொண்டால் மற்றது 40, பரப்பு 600. 14 என்று கொண்டால் மற்றது 48, பரப்பு 336. பக்கங்கள் நான்கும் தெரிந்துவிட்டதால் மட்டும் உருவம் தீர்மானமாகிவிடாது, மூலைவிட்டம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும் என்பதை அந்த எண்கள் பளிச்சென்று காட்டிவிடுகின்றன. சதுரமாகும்போது பரப்பு 625. அதைவிடப் பெரிய பரப்பு இந்தப் பக்க அளவில் கிடைக்காது.

வரைபடத்தாளில் போட்டுப் பார்க்கும்போது வருகிற ஒரு குழப்பத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தாளில் இடம் போதாது என்று, எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு என்றும், ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்றும் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். முதல் கணக்கின் சாய்சதுரத்தை அந்த அளவில் வரைந்தால் ஒரு பக்கம் தாளில் 5 செ.மீ. இருக்கும், அடுத்த பக்கம் 3 செ.மீ. குறுக்கும் 2 செ.மீ. நெடுக்குமாகப் போவதால் 3.6 செ.மீ. மட்டுமே இருக்கும். கணக்கில் சாய்சதுரம், கண்ணுக்கு வெறும் இணைகரம். அதுவே (2, 5), (−1, 1), (2, −3), (5, 1) என்ற கணக்கை அதே அளவில் வரைந்தால் உருவம் ஒடுங்குமே தவிரச் சாய்சதுரமாகவே இருக்கும். மூலைவிட்டங்கள் அச்சுகளுக்கு இணையாக இருந்தால் எந்தப் பக்கம் இழுத்தாலும் அவை செங்குத்தாகவே நிற்கும். சாய்ந்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் இழுத்தவுடனே செங்குத்து கெட்டுவிடும்.

இது தாளோடு முடிகிற விஷயம் அல்ல என்பதை எங்கள் பகுதித் தறிக்காரர் ஒருவரிடம் தெரிந்துகொண்டேன். ஜக்கார்டு தறிக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைவார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு இழையும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடம். ஓர் அங்குலத்தில் ஓடும் பாவு இழைகளின் எண்ணிக்கையும் ஊடை இழைகளின் எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக 80 இழையும் 60 இழையும் என்று வைத்துக்கொண்டால், தாளில் சதுரமாக இருக்கும் கட்டம் சேலையில் நீள்சதுரமாகிவிடும். நிமிர்ந்து நிற்கும் டைமண்ட் புட்டா துணியில் வரும்போது சற்று நீண்டோ அகன்றோ போனாலும் டைமண்டாகவே இருக்கும். சாய்ந்த புட்டா போட்டால் கோணிக்கொள்ளும். “சாஞ்ச புட்டான்னா அளவை மாத்தித்தான் போடணும்மா, இல்லைன்னா துணியில இழுத்துக்கிட்டு நிக்கும்” என்று அவர் சொன்னார். இதற்கு அவர் எந்தச் சமன்பாடும் எழுதியதில்லை. அவர் கண்ணும் நம் பெருக்கிக் கூட்டும் முறையும் ஒரே உண்மையைத்தான் பார்க்கின்றன.

ஆசிரியர்களுக்கும் இந்தப் பார்வை உதவும், முக்கியமாகக் கேள்வி தயாரிக்கும்போது. அரை மூலைவிட்டத்தை (1, 2) என்றும் மடங்கை 2 என்றும் எடுத்தால் பக்கம் 5; (1, 3) என்றும் 3 என்றும் எடுத்தால் பக்கம் 10; (1, 4) என்றும் 4 என்றும் எடுத்தால் 17. இரண்டாம் எண்ணையே மடங்காகவும் எடுத்துக்கொண்டால் பக்கம் எப்போதும் அந்த எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டியதாக இருக்கும், அதோடு ஒரு பக்கம் கிடையாகவும் அமைந்துவிடும். நடுப்புள்ளியை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம். ஒரே கேள்வியை முப்பது பிள்ளைகளுக்கு முப்பது விதமாகக் கொடுக்க இதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

இப்படிக் கேள்வி தயாரித்துக்கொண்டிருந்தபோதுதான், 60 டிகிரி கோணமுள்ள சாய்சதுரம் ஒன்றை முழு எண் முனைகளோடு கொடுத்தால் என்ன என்று தோன்றியது. கொடுக்க முடியாது. காரணத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடலாம். முனைகள் நான்கும் முழு எண்களாகவோ பின்னங்களாகவோ இருந்தால், ஓர் அரை மூலைவிட்டத்தைத் திருப்பி மற்றதைப் பெறுவதற்கான மடங்கும் விகிதமுறு எண்ணாக, அதாவது முழு எண்ணாகவோ பின்னமாகவோதான் இருந்தாக வேண்டும். மூலைவிட்டம் முனைக்கோணத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது. ஆகவே அந்த மடங்கு, பாதிக் கோணத்தின் டேன் மதிப்பு (செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தது) அல்லது அதன் தலைகீழி. கோணம் 60 டிகிரி என்றால் டேன் 30, அதாவது 1/√3. அது விகிதமுறா எண். முழு எண்கள் மட்டுமல்ல, எந்தப் பின்னத்தைப் போட்டாலும் அந்தச் சாய்சதுரம் சிக்காது. 45 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இதே கதிதான்: பாதிக் கோணங்களின் டேன் மதிப்புகள் முறையே √2 − 1, 2 − √3. இவற்றையெல்லாம் கேள்வித்தாளில் கேட்க வேண்டுமானால் (0, 0), (2, 0), (3, √3), (1, √3) என்பதுபோல வர்க்கமூலத்தை முனைக்குள்ளேயே வைத்தாக வேண்டும்.

வரைபடத்தாளில் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அரை மூலைவிட்டங்களை 4, 7 என்று எடுத்தால் கோணம் ஏறக்குறைய 59.5 டிகிரி. 15, 26 என்று எடுத்தால் 59.96 டிகிரி. மில்லிமீட்டர் தாளில் நடுப்புள்ளியிலிருந்து இடமும் வலமும் 15 கட்டம், மேலும் கீழும் 26 கட்டம் எண்ணிப் புள்ளி வைத்து இணைத்தால், குறுகிய மூலைவிட்டம் 30 மில்லிமீட்டர், பக்கம் √901, அதாவது 30.02 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நன்றாகச் சீவிய பென்சிலின் கோடுகூட அந்த வித்தியாசத்தைவிடத் தடிமனானது.